மேகத்துக்குள் இரண்டு முறை கூப்பிட்டேன்

தினேசு,

உங்கப்பன் கடிதம் எழுதியிருக்கிறான் என்றதும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய், யாரோ விளையாடுகிறார்கள் என்று. நான்தான். சீட் கவர் அளவு எழுதும் நோட்டில் இருந்து கிழித்த தாள்கள் இவை. பின்பக்கத்தில் ஏதாவது ஆட்டோவின் பின்சீட்டு நீளம், அகலம் இருந்தால் அதைப் படிக்காதே, அது உனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தையல் எனக்கு நேராக ஓடும், எழுத்து கோணிக்கொண்டுதான் ஓடும். பொறுத்துப் படி. நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நாலாவது வார்த்தையில் ஏதாவது ஜோக் அடித்து நழுவிவிடுவேன், அது உனக்கே தெரியும். தாளிடம் ஜோக் அடித்தால் தாள் சிரிக்காது. அதனால்தான்.

ஒன்பது நாளாக நீ என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு நியாயம் உன் பக்கம்தான். அன்றைக்கு நீயும் திவ்யாவும் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட வந்தீர்கள், அம்மா வஞ்சிர மீன் வறுத்து இலை போட்டாள். உன் கல்யாணப் பெண் முதல் முறையாக நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் வழக்கம்போல, "இன்னாம்மா, எங்கூட்டு மீனுக்கு முள்ளு இருக்கும், ஐடி கம்பெனி மீனு மாதிரி இருக்காது" என்று அவளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளும் சளைக்காமல், "பரவால்ல அங்கிள், உங்க வாயில இருக்கற முள்ளை விடக் கம்மிதான்" என்றாள். அந்தப் பெண்ணை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அப்புறம்தான் நீ சொன்னாய்: "அம்மா, கல்யாணம் முடிஞ்சி கொடைக்கானல் போறோம். பாபு மாமா விழுந்த அந்த எடம் வரைக்கும் நடந்து போயி, ஒரு பூ போட்டுட்டு வரலாம்னு. திவ்யாவோட ஐடியா."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கப்பாவையும் கூட்டிகினு போங்கடா. அவருக்குத்தான் எடம் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என் இலை சுவரோரம் கிடந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். "அங்க போனா திரும்பி இந்த வூட்டு வாசப்படி மெறிக்காதீங்க" என்று ஒரு குரல் கத்தியது. அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. திவ்யா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். நீ எழுந்து கை கழுவி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். கேட்டைக்கூடச் சத்தம் இல்லாமல் சாத்தினாய். அதுதான் இன்னும் வலித்தது.

அம்மா உனக்குப் போன் செய்தாள். எனக்குக் கேட்கவே சொன்னாள். "அவரு மனசு தாங்காதுடா தம்பி. மாமாவுக்காக அந்த மலையில தொண்டை கிழியக் கத்தினவருடா அவரு." இருபத்தாறு வருஷமாக இந்த வார்த்தையைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவள் சொல்லிக்கொண்டு வருகிறாள். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்று முன்னால் வந்து நின்று சொல்லுவாள். அது பொய் தினேசு. அவள் சொல்லும் பொய் இல்லை. நான் அவளுக்குச் சொன்ன பொய்.

பாபுவை உனக்கு போட்டோவில்தான் தெரியும். அம்மாவுக்கு ஒரே தம்பி. பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் இடத்தில் வேலை. நானும் தையல், அவனும் தையல் என்பதால் ஊசி உடைந்த கதையை இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவோம். இருபத்தோரு வயது. எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் நம் ஏரியைப் பார்த்தால் ஒருமுறை ஹாரன் அடிக்கும் என்று சொல்லி, செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மாலை முழுக்க அவனை அண்ணாந்து பார்க்க வைத்தேன். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "விடுக்கா, மாமா சொன்னா நல்லாத்தான் கீது" என்றான். அப்படிப்பட்டவன் கிடைத்துவிட்டால் என்னை மாதிரி ஆளுக்கு வேறென்ன வேலை?

உனக்குப் பதினோரு மாதம். பழனியில் மொட்டை போட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை. நீ கத்திய கத்தலில் நாவிதரே பயந்துபோனார். பாபு உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆச்சுடா ஆச்சுடா" என்று உன்னோடு சேர்ந்து அழுதான். பிறகு அவனும் போட்டுக்கொண்டான், நானும் போட்டுக்கொண்டேன். மூன்று மொட்டை, மூன்றிலும் சந்தனம். அவ்வளவு தூரம் வந்தோமே என்று கொடைக்கானல் ஏறினோம். மறுநாள் உனக்குச் சளி பிடித்துவிட்டது. அம்மா உன்னை வைத்துக்கொண்டு ரூமிலேயே இருந்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சுத்திட்டு வாங்க, ரெண்டு மொட்டையும் ரூம்லயே இருந்தா எனக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று அனுப்பியதே அவள்தான்.

பஸ் கடைசியாகத் திரும்பும் ஊரில் இறங்கினோம். அங்கே ஒரு டீக்கடை. கீழே சோலைக்காடு, அதைத் தாண்டி மேலே ஏறினால் புல்வெளி, அதன் விளிம்பில் நின்றால் கீழ்நாடு முழுக்கத் தெரியும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். "ஆனா நாலு மணிக்குள்ள எறங்கிருங்கண்ணே. மேகம் ஏறிருச்சுன்னா உங்க கை உங்களுக்குத் தெரியாது." நான் பாபுவின் தலையைத் தட்டி, "எங்க ரெண்டு பேர் தலையும் பளபளன்னு தெரியும்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவையும் நாலு மணி என்றார்.

பாதை இறங்கிக்கொண்டே போனது. நீ படத்தில் பார்க்கும் காடு மாதிரி இல்லை அது. மரமெல்லாம் குட்டை, எல்லாம் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். கிளைக்கெல்லாம் பச்சை வெல்வெட்டில் உறை தைத்து மாட்டிய மாதிரி பாசி. வெளியே நல்ல வெயில், உள்ளே சாயங்காலம். தாம்பரத்தில் இருபத்து நாலு மணி நேரமும் ரயில், பஸ், ஹாரன். அது நின்றுவிட்டால் காதுக்குள் ஒரு ஓ என்ற சத்தம் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளத்தில் ஒரு ஓடை. தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தமே இல்லை. ஏதோ ஒன்று மேலே கிளையை உலுக்கிவிட்டுப் போனது. பாபு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமா அது?"

அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டால் நான் சும்மா இருப்பேனா?

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். விளக்கு வைத்த பிறகு வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றது இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. அம்மா வீட்டில் இது இன்னும் கடுமை. பாபு சின்ன வயதில் இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "டீக்கடைக்காரரு உன்கிட்ட சொல்லல, என்கிட்ட தனியா சொன்னாரு. இந்த மலையில ராத்திரி பகல்னு கெடையாதாம். ஒண்ணு கீதாம். நமக்குத் தெரிஞ்சவங்க கொரல்லயே கூப்டுமாம். அக்கா கொரல்ல கூப்டும், என் கொரல்லயும் கூப்டும். மூணு வாட்டி கூப்டாம வாயத் தொறந்துராத."

"தொறந்தா?"

"தொறந்தா நான் உங்கக்காவுக்கு இன்னாடா பதில் சொல்லுவேன்?"

அவன் தலையை ஆட்டினான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். தினேசு, கிண்டல் பண்ணுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பண்ண வேண்டும். அவன் நம்பிவிட்டானா, எவ்வளவு தூரம் நம்பிவிட்டான், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் முகத்தில்தான் இருக்கிறது. உனக்கும் என் வாய்தான் வந்திருக்கிறது என்று திவ்யா சொல்லுகிறாள். அதனால் சொல்லுகிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஓடையைக் கல் கல்லாகத் தாண்டி மேலே ஏறினோம். மரம் எல்லாம் ஒரு கோடு கிழித்த மாதிரி நின்றுபோயிற்று. அதற்கு மேல் வெறும் புல். முட்டி உயரம், வெளுத்த மஞ்சள் நிறம், மலை மலையாக உருண்டுகொண்டே போகிறது. ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை. நம்மூர்க்காரன் கண்ணுக்கு அவ்வளவு காலி இடம் தெரிந்தால் கல் நட்டு பிளாட் போடத்தான் தோன்றும். அதைச் சொன்னேன். பாபு, "கார்னர் பிளாட் எனக்கு மாமா" என்று ஓடினான். கையை விரித்துக்கொண்டு, மொட்டைத் தலையோடு, காற்றில் புல்லுக்குள் நீந்துகிற மாதிரி ஓடினான். நான் வாட்ச் பார்த்தேன். நாலு ஆக இருபது நிமிடம் இருந்தது. திரும்பியிருக்கலாம்.

நான் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மா எப்படிக் கூப்பிடுவாளோ அதே மாதிரி, "பாபூ, சாப்ட வாடா" என்றேன். அவன் நின்றுவிட்டான். பாறை இடுக்கில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு கெட்டியாகப் பொத்திக்கொண்டு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தேன்.

மேகம் வானத்தில் இருந்து வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கீழே இருந்து ஏறி வந்தது. விளிம்புக்கு அடியில் இருந்து பால் பொங்குகிற மாதிரி வந்து, புல்லை மூடி, அவன் காலை மூடி, அவனை மூடியது. நான் பாறையில் இருந்து எழுந்து வருவதற்குள் என் செருப்பு எனக்குத் தெரியவில்லை. குளிர் தலையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது.

கூப்பிட்டேன். "பாபு!"

குரல் வாயை விட்டு வெளியே போன மாதிரியே இல்லை. பஞ்சுக்குள் பேசின மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி கொஞ்சம் பலமாக, "டேய் பாபு!" என்றேன். பதில் இல்லை. ஆனால் சத்தம் ஒன்று இருந்தது. மூச்சு. பக்கத்தில், நான் எட்டிப் பிடிக்கிற தூரமோ, பத்து அடியோ, யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுகிற சத்தம்.

மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன் தினேசு. சத்தியமாகத் திறந்தேன். குரல் வரவில்லை. பயம். நான் கட்டிய கதைக்கு நானே பயந்துவிட்டேன். நான் கூப்பிட்டு, பாபு இல்லாத வேறு ஏதாவது பதில் சொல்லிவிட்டால்? அந்த மூச்சு பாபுவுடையது இல்லை என்றால்? இதை யோசித்த அடுத்த நிமிடம் நான் ஓடிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. கால் சரிவு பார்த்து ஓடியது, சோலைக்குள் விழுந்தேன், ஓடையைத் தாண்டினேன், பாதை கிடைத்தது. வழி முழுக்க, அவன் எனக்கு முன்னாடியே போயிருப்பான், டீக்கடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பான், என்னை ஏமாற்றுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூச்சு அவனுடையதுதான் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ஓடினேன்.

டீக்கடையில் அவன் இல்லை. கடைக்காரரும் ஊர் ஆட்கள் நாலு பேரும் உடனே கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. சோலையைத் தாண்ட முடியவில்லை, திரும்பினோம். விடிந்ததும் போனோம். மேகமே இல்லை. நல்ல வெயில், புல் எல்லாம் மினுமினு என்று இருந்தது. நான் ஒளிந்த பாறை, அதற்கு இந்தப் பக்கம் நம் வீட்டு வாசலில் இருந்து தெருமுனைக் கடை தூரம்கூட இருக்காது, ஒரு சின்னப் பள்ளம். அதில் கிடந்தான். கால் உடைந்திருந்தது, தலையில் அடி. உயிர் இருந்தது.

கம்பளியில் போட்டுத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் தலை என் மடியில். கீழே இறங்கும் வழியில் ஒரு வளைவில் கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் தெரிந்தது. உதடு நீலமாக இருந்தது, ஆனால் சிரித்தான்.

"மாமா, ரெண்டு வாட்டிதான் கூப்ட்ச்சி. நான் வாயத் தொறக்கல. ஏமாறவே இல்ல, பாத்தியா."

பெருமையாகச் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவை ஏமாறாமல் இருந்துவிட்ட பெருமை. நான் இல்லைடா, அது நான்தான்டா என்று சொல்லவில்லை. "கெட்டிக்காரன்டா நீ" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "கூப்டீங்களா? நல்லா சத்தமா கூப்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அழுது அழுது குரல் கட்டியிருந்தது. அந்தக் கரகரத்த குரலில், "தொண்டை கிழியக் கத்தினேன் செல்வி" என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், என் குரலே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்து, தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருக்கிற வீட்டில், உள்ளே போய் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சி எடுத்து வந்து, "குடிங்க, தொண்டை புண்ணாயிருக்கும்" என்று என் கையில் கொடுத்தாள். நான் குடித்தேன். எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அதற்கப்புறம் நான் கிண்டலை விட்டிருக்க வேண்டும். விட்டால் உங்கம்மாவுக்குச் சந்தேகம் வரும் என்று விடவில்லை. முன்பைவிட அதிகமாகவே பேசினேன். நீ பார்த்து வளர்ந்த சிரிப்புக்கார அப்பனில் பாதி அந்தப் பயத்தில் தைத்தது. பள்ளிக்கூட கேட்டில் நின்று, "தினேசு, தினேசு, தினேசு" என்று கூப்பிடுவேனே, உன் சிநேகிதர்கள் எல்லாம் சேர்ந்து அதே மாதிரி கத்திக் கேலி செய்வார்களே. ஏழாவது படிக்கும்போது நீ அழுதுகொண்டே, "ஒரு வாட்டி கூப்ட்டா எனக்குக் கேக்கும்ப்பா" என்றாய். உனக்குக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். வாய் நிற்காது. கடையில் பையனைக் கூப்பிட்டாலும், ரேஷனில் உங்கம்மாவைக் கூப்பிட்டாலும் மூன்று. இரண்டில் நிறுத்தினால் நெஞ்சுக்குள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும்.

பாபுவும் என்னை விடவில்லை. பயமுறுத்துவதில்லை, அவனுக்கு அது தெரியாது. மார்கழியில் காலை ஆறரை மணிக்குக் கடைக்குப் போகும்போது ஏரிமேல் வெள்ளையாகப் படர்ந்திருக்குமே, அதற்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். நான் வண்டியை நிறுத்துவேன். வெயில் ஏறியதும் அங்கே ஒன்றும் இருக்காது, ஆகாயத்தாமரைதான் இருக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஃபோம் வாங்கப் போவேன். அந்தக் கூட்டத்தில், "மாமா" என்று ஒரு குரல் வரும். யார் யாரையோ கூப்பிடுவதுதான். நான் ஒவ்வொரு தடவையும், "ஆங்" என்று சத்தமாகப் பதில் சொல்லிவிடுவேன். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி ஆள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஒருமுறை நீ என்னோடு இருந்தாய், "யாரு கூப்ட்டாங்கப்பா?" என்று கேட்டாய். நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று ஞாபகம் இல்லை.

இதெல்லாம் என்னோடு போய்ச் சேர்ந்திருக்கும். உங்கம்மா கல்யாணத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள், அதுதான் என்னை உட்கார விடவில்லை. மணமேடையில் தாய்மாமன் மாலை போடும் நேரத்துக்கு ஒரு நாற்காலி போட்டு அதில் பாபுவின் போட்டோவை வைக்கப் போகிறாள். மாலையைப் போட்டோவுக்குச் சாத்தி எடுத்து உன் கழுத்தில் போட வேண்டும். சொந்தத்தில் யாரையாவது போடச் சொல்லலாமே என்றேன். "எதுக்கு? அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தின மனுசன் நீங்கதான். உங்க கையாலதான் போடணும்" என்றாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அந்த மாலையை நான் தொட முடியுமா, நீயே சொல்லு. அதை நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் நீ வந்து மலைக்குப் போகிறோம் என்றாய்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உனக்கும் திவ்யாவுக்கும் சண்டை வரும், வராமல் இருந்தால் நீங்கள் மனுஷப் பிறவி இல்லை. எந்தச் சண்டையில் இருந்தாலும் அவள் கூப்பிட்டால் வாயைத் திற. 'என்ன' என்று எரிந்து விழு, பரவாயில்லை, குரல் கொடு. அவள் பதில் பேசாவிட்டால், வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டு நடையைக் கட்டாதே. உனக்கு எது தோதோ அதையே மனசு நம்பச் சொல்லும். என் மனசு அன்றைக்கு வழி முழுக்க அதைத்தான் சொல்லியது.

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு, கடைசியில், 'இதை நீயே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த வரியை அடித்துவிட்டேன், மேலே பார், பேனா தாளைக் கிழித்திருக்கும். நேற்று மத்தியானம் கடைக்குப் போகவில்லை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "ஒண்ணு படிக்கிறேன், முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாத" என்றேன். "இன்னா, லவ் லெட்டரா?" என்றாள். படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன்.

அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. ஜீப் வளைவு வந்ததும் நின்றுவிட்டது. படித்து முடித்தேன். திட்டுவாள், அடிப்பாள், ஓவென்று அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஸ்வெட்டரை ரூம்லயே விட்டுட்டுப் போனானே. குளிர் தாங்க மாட்டான் அவன். அது ஏங்க?"

பார்த்தாயா தினேசு. இவ்வளவு எழுதியும் அதை நான் எழுதவில்லை. மறந்து விடவில்லை, எழுதவில்லை. சந்தையில் ஆசையாகப் பழைய ஸ்வெட்டர் ஒன்று வாங்கியிருந்தான், பழுப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற வந்தான். மொட்டைத் தலையும் அதுவுமாக அவனைப் பார்த்து, "டேய், கரடியக் கூட்டிகினு போனா டிக்கெட் ரெண்டு கேப்பாங்கடா" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் வெட்கப்பட்டு, ஓடிப்போய்க் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டு வந்தான். அதை நேற்றுச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைத்தான் பார்த்தேன், திருப்பிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு கேள்வியை அவள் என்னிடம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள் என்பது அந்த முகத்தில் இருந்தது.

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் கழித்தோ வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்: "மாலையை நீங்க தொட வேணாம். நான் எடுத்துப் போட்டுக்கறேன். என் தம்பிதானே." பிறகு, "மலைக்கு நான் போறேன், பசங்களோட. பையன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். எதிரில் உட்காரவில்லை. இன்று காலையும் அப்படித்தான். மன்னித்தாளா என்று நீ கேட்காதே, நானும் கேட்கவில்லை.

ஆகவே வழியை எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். பஸ் திரும்பும் ஊரில் இருந்து இடது பக்கம் இறங்கும் பாதை. சோலைக்குள் பாதை இரண்டாகப் பிரிந்தால் ஓடை பக்கமாகப் போவதைப் பிடி. அட்டை ஏறும், உப்பு எடுத்துக்கொள். ஓடையில் கல் வழுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள், அவள் வேண்டாம் என்று உதறுவாள், பிடித்துக்கொள். செருப்போடு கூட்டிப் போகாதே, ஷூ வாங்கிக் கொடு, அவளுக்கு ஆறாம் நம்பர். மரம் முடிகிற இடத்தில் இருந்து நேர் மேலே ஏறினால் தனியாக ஒரு பெரிய பாறை, ஆட்டோவைக் குப்புறக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதற்குச் சோலைப் பக்கம் பள்ளம். அங்கே அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாளோ நிற்கட்டும். அவசரப்படுத்தாதே. திவ்யாவை அவள் பக்கத்தில் நிற்கச் சொல். அங்கே போக இப்போது யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்று முன்னாடியே விசாரித்துக்கொள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நானும் வரட்டுமா என்று இன்று காலை அவளிடம் கேட்டேன். "டீக்கடை வரைக்கும் வாங்க" என்றாள். "அதுக்கு மேல வேணாம்."

டீக்கடை இன்னும் இருக்கிறதோ இல்லையோ. இல்லாவிட்டால் பஸ் நிற்கும் இடத்தில் ஏதாவது கல் இருக்கும். நீங்கள் மூன்று பேரும் இறங்கி வருகிற வரைக்கும் நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா